குடலில் கிடைத்தது புது பாக்டீரியாதானா? மாதிரி வாங்குவதில் இருந்து பெயர் பதிவு வரை

மதுரையைச் சுற்றி நுண்ணுயிரியல் சொல்லித்தரும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அங்கே எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கோ பிஎச்.டி.க்கோ குடல் பாக்டீரியாவைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் ஏமாறுகிறார்கள். பாக்டீரியாவின் 16எஸ் மரபணு வரிசையை (இனத்தை அடையாளம் காண உதவும் டி.என்.ஏ. துண்டு) பிளாஸ்ட் என்ற இணையத் தேடலில் போட்டதும், தெரிந்த வரிசை ஒன்றோடு 97 சதவீத ஒற்றுமை என்று வரும். புது ஸ்பீஷீஸ் (இனம்) கிடைத்துவிட்டதாக வகுப்பு முழுக்கச் சொல்லிவிடுவார்கள். அந்த எண் கிளப்புவது ஒரு சந்தேகத்தை மட்டுமே. அதை நிரூபித்து, உயிருள்ள கல்ச்சரை (வளர்ப்பை) இரண்டு நாடுகளில் உள்ள சேமிப்பகங்களில் ஒப்படைத்து, பெயரை முறைப்படி வெளியிட்டால்தான் அந்த பாக்டீரியா கணக்கில் சேரும். அதுவரைக்கும் உங்கள் ஃப்ரீசரில் இருப்பது எண் போட்ட ஒரு குப்பி, அவ்வளவுதான்.

காகித வேலையை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள்

மனிதரிடம் இருந்து வாங்கும் எந்த மாதிரிக்கும் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களை வைத்துத்தான் குழு கேள்வி கேட்கும். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். பாடப்புத்தகத் தமிழில் இருந்தால் பயன் இல்லை. மேலூர் பக்கமோ உசிலம்பட்டி பக்கமோ ஒரு வீட்டில் போய்க் கேட்கும்போது, அதை லேப் டெஸ்ட் என்றே எடுத்துக்கொள்வார்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அம்மா, இது நோய் இருக்கா இல்லையான்னு பார்க்குற டெஸ்ட் இல்ல. வயித்துல இயல்பா இருக்குற கிருமிய வளர்த்துப் பார்க்கப் போறோம். ரிசல்ட்னு எதுவும் குடுக்க மாட்டோம். வேணாம்னா இப்பவே சொல்லிரலாம், பின்னாடியும் சொல்லலாம்." இதைச் சொல்லாமல் விட்டால் ரெண்டு வாரம் கழித்து ரிசல்ட் கேட்டுப் போன் வரும்.

கடந்த மூன்று மாதத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களைச் சேர்க்க வேண்டாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் "காய்ச்சலுக்கு" என்று வாங்கிய மாத்திரை ஆன்டிபயாடிக்தானா என்று பலருக்குத் தெரியாது. "ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா" என்று கேட்காதீர்கள். கடைசியாக எப்போது காய்ச்சல், சளி, புண் வந்தது, என்ன மாத்திரை என்று கேளுங்கள். மாத்திரை அட்டை இருந்தால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வயது, ஊர், சாப்பாடு (கம்பு, கேழ்வரகு, பழைய சோறு, கறி எவ்வளவு அடிக்கடி) எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதுங்கள். இனத்தை விவரிக்கும்போது அது எங்கிருந்து வந்தது என்று எழுத இந்த விவரம்தான் கை கொடுக்கும். ஆள் பெயர் மட்டும் எங்கேயும் வரக்கூடாது, குறியீட்டு எண் போதும்.

இன்னொரு காகிதத்தைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். இந்திய நுண்ணுயிரை வெளிநாட்டுச் சேமிப்பகத்துக்கு அனுப்புவது 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின் கீழ் வரும் விஷயம். சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்திடம் உங்கள் நிலைமையை எழுத்தில் சொல்லி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஸ்ட்ரெய்ன் (பிரித்தெடுத்த தனி வளர்ப்பு வரிசை) கையில் கிடைத்த பிறகு இதை ஆரம்பித்தால், கட்டுரை எழுதி முடித்துவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மாதிரி: ஆக்சிஜன்தான் முதல் எதிரி

குடலில் இருப்பவற்றில் பெரும்பாலானவை காற்றில்லாச் சூழலில் வாழ்பவை. ஃபீகாலிபாக்டீரியம் பிரவுஸ்னிட்சி போன்றவை திறந்த காற்றில் சில நிமிடங்களிலேயே வீரியம் இழக்கும். அதனால் காலையில் போன மலத்தை, வாய் அகலமான மூடியுள்ள டப்பாவில் வாங்கி, மூடியைத் தளர்வாக வைத்து, காற்றில்லா சாஷே (ஆக்சிஜனை உறிஞ்சும் சிறு பொட்டலம்) ஒன்றுடன் ஜிப் பையில் போட்டு இறுக மூடுங்கள். மூடி இறுக்கமாக இருந்தால் சாஷே ஜிப் பையில் உள்ள ஆக்சிஜனை மட்டும் உறிஞ்சும், டப்பாவுக்குள் இருக்கும் ஆக்சிஜன் அப்படியே இருக்கும்.

ஐஸ் பேக் வைத்த தெர்மோகோல் பெட்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். உசிலம்பட்டியில் இருந்து மதுரைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். கத்திரி வெயிலில் பஸ்ஸில் வந்தால் பெட்டிக்குள் ஐஸ் பேக் இருந்தும் மேல்பக்கம் சூடேறும். பேக்குகளை டப்பாவின் மேலும் கீழும் வையுங்கள், இடையில் துணி வையுங்கள். நேராக ஒட்டினால் ஒரு பக்கம் உறைந்துபோகும். கிளிசரால் (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்) இல்லாமல் உறைந்த மாதிரியில் பாதி செல்கள் செத்துவிட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

மீடியம்: நிறத்தைப் பார்த்து நம்புங்கள்

புதியவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒரே ஒரு அடிப்படை மீடியத்தை (பாக்டீரியா வளரும் உணவுக் கலவை) ஒழுங்காகச் செய்யப் பழகுங்கள் என்பதுதான். ஒரு லிட்டருக்கு: பிரெய்ன் ஹார்ட் இன்ஃபியூஷன் பொடி 37 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5 கிராம், அகர் 15 கிராம், ரெசாசுரின் 1 மில்லிகிராம் (0.1 சதவீதக் கரைசலில் 1 மில்லி), சிஸ்டீன் ஹைட்ரோகுளோரைடு 0.5 கிராம். ஹீமின் தண்ணீரில் கரையாது. 50 மில்லிகிராமை 1 மில்லி 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, அப்புறம் தண்ணீர் விட்டு 100 மில்லியாக்குங்கள். அதில் லிட்டருக்கு 10 மில்லி சேர்த்தால் 5 மில்லிகிராம் ஆகும். வைட்டமின் கே1-ஐ ஆல்கஹாலில் மில்லிக்கு 10 மில்லிகிராம் கரைத்து, பழுப்பு பாட்டிலில் இருட்டில் வைத்து, லிட்டருக்கு 0.1 மில்லி சேருங்கள். வெளிச்சம் பட்டால் அது கெட்டுப்போகும். கெட்டது கண்ணுக்குத் தெரியாது, தட்டில் பாக்டீராய்டிஸ் என்ற குடல் பாக்டீரியா குட்டையாக வளர்வதில்தான் தெரியும்.

ரெசாசுரின் இளஞ்சிவப்பாக இருந்தால் மீடியத்தில் ஆக்சிஜன் இருக்கிறது. நிறம் போன பிறகுதான் பயன்படுத்த வேண்டும். ஊற்றிய தட்டுகளை காற்றில்லா அறையிலோ (ஆக்சிஜன் இல்லாத வாயு நிரப்பிய மூடிய பெட்டி) ஜாரிலோ 24 மணி நேரம் வைத்துவிட்டுத்தான் மாதிரியைப் பூச வேண்டும். "அவசரம்" என்று அன்றைக்கே ஊற்றி அன்றைக்கே பூசினால் வளர்வது ஈ. கோலையும் என்டரோகாக்கஸும்தான். அவை எந்த மாதிரியிலும் கிடைக்கும், அதற்கு இவ்வளவு பாடு வேண்டாம்.

ரத்தத் தட்டு செய்தால் 5 சதவீதம் ஆட்டு ரத்தம் போதும். ரத்தத்தைக் கண்ணாடி மணிகளோடு பத்து நிமிடம் விடாமல் குலுக்கினால் ஃபைப்ரின் பிரிந்துவிடும். அகர் 45 முதல் 50 டிகிரிக்கு ஆறியதும் கலக்குங்கள். பாட்டிலை முன்கையில் வைத்தால் சுடாமல் தாங்க வேண்டும். அதற்கு முன் விட்டால் ரத்தம் வெந்து சாக்லேட் நிறமாகிவிடும். ஆட்டின் முதல் இரைப்பைச் சாறு கிடைத்தால் அதையும் விடாதீர்கள்: துணியில் வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜ் செய்து, 0.2 மைக்ரான் ஃபில்டரில் விட்டு, ரத்தக் கல்ச்சர் பாட்டிலில் சேர்த்து நாள் கணக்கில் வைத்தால், நேரடித் தட்டில் வராத பல இனங்கள் எழும்பி வரும். பிரான்ஸின் மார்செய் நகரக் குழு 2012இல் 212 வளர்ப்பு நிலைகளைச் சோதித்து 340 இனங்களைப் பிடித்தபோது இதுபோன்ற பாட்டில்களை நிறையப் பயன்படுத்தியது.

ஜாரா, அறையா என்ற கேள்விக்குப் பதில் காசுதான். நைட்ரஜன் 85, கார்பன் டை ஆக்சைடு 10, ஹைட்ரஜன் 5 சதவீதக் கலவை ஓடும் அறை இருந்தால் நல்லது. 2.5 லிட்டர் ஜாருக்கு ஒரு சாஷே போட்டும் நல்ல வேலை செய்யலாம். மெழுகுவர்த்தி ஜாரை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். மெழுகுவர்த்தி அணைந்துவிட்டதால் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே நிறைய ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். அறை வைத்திருப்பவர்கள் மிச்ச ஆக்சிஜனை அகற்றும் பல்லேடியம் கேட்டலிஸ்டை அடிக்கடி ஓவனில் காயவையுங்கள். குடல் மாதிரியில் இருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதைச் சாகடித்துவிடும்.

பிரித்தெடுப்பது

ஒரு கிராம் மலத்தை 9 மில்லி பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில் (0.05 சதவீதம் சிஸ்டீன் சேர்த்தது) கரைத்து, பத்துப் பத்து மடங்காக எட்டுக் குழாய் நீர்க்கவும். ஒரு கிராமில் 10,000 கோடி அளவுக்குச் செல்கள் உண்டு. ஆகவே 6, 7, 8ஆம் குழாய்களில் இருந்து 100 மைக்ரோலிட்டர் பூசினால்தான் தனித்தனிக் காலனி (ஒரு செல்லில் இருந்து பெருகிய புள்ளி) வரும். ஸ்போர் (தாங்குதிறன் மிக்க உறங்குநிலைச் செல்) போடும் இனங்கள் வேண்டுமானால், கரைத்த மாதிரியை 70 சதவீத எத்தனாலில் நான்கு மணி நேரம் வைத்து, கழுவி, 0.1 சதவீதம் சோடியம் டாரோகோலேட் என்ற பித்த உப்பு சேர்த்த தட்டில் பூசுங்கள். எத்தனால் மற்றவற்றைக் கொல்லும், பித்த உப்பு ஸ்போரை முளைக்க வைக்கும்.

இரண்டாம் நாளே பெரிதாக வளர்ந்து நிற்கும் காலனிகள் பெரும்பாலும் தெரிந்தவை. ஐந்தாம் நாளில் இருந்து பத்தாம் நாள் வரை வரும் குண்டூசித் தலை அளவுக் காலனிகளைத் தேடி எடுங்கள். தனிக் காலனியைத் தொட்டெடுத்துப் புதுத் தட்டில் குறைந்தது மூன்று முறை கோடிழுத்துச் சுத்தப்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் கிராம் சாயம் (செல் சுவரின் வகையைக் காட்டும் சாயம்) போட்டுப் பாருங்கள். ஒரே தட்டில் ஒரே மாதிரிக் காலனி இருந்தும் மைக்ரோஸ்கோப்பில் கோலும் உருண்டையும் சேர்ந்து தெரிந்தால் கலப்பு. சில இனங்கள் பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் வளரும்; சுத்தப்படுத்தும்போது மறைந்துபோனால் அது அதன் குணம், உங்கள் கை ராசி இல்லை. மீடியத்தை மாற்றிப் பாருங்கள்.

சுத்தமானதும் அன்றைக்கே 20 சதவீதம் கிளிசராலில் குறைந்தது பத்து குப்பி, மைனஸ் 80 டிகிரியில். பாதியை வேறு கட்டடத்தில் உள்ள ஃப்ரீசரில் வையுங்கள். சித்திரை மாத மின்வெட்டில் ஒரு ஃப்ரீசர் நின்றால் மொத்த வேலையும் அதோடு போய்விடும்.

மால்டி-டாஃப் (புரதங்களின் எடைக் கோலத்தை வைத்து இனத்தை அடையாளம் காணும் கருவி) வசதி இருந்தால் முதல் சல்லடை அதுவே. ஸ்கோர் 2.0-க்கு மேல் என்றால் தெரிந்த இனம், 1.7-க்குக் கீழே என்றால் அடுத்த கட்டத்துக்கு எடுத்துப்போங்கள். டேட்டாபேஸில் குடல் காற்றில்லா இனங்கள் குறைவு. ஆகவே குறைந்த ஸ்கோர் வந்தால் புதியது என்று அர்த்தம் இல்லை.

16எஸ்: எல்லாரும் வழுக்கும் இடம்

16எஸ் மரபணுவை பி.சி.ஆர்.-இல் பெருக்க 27எஃப், 1492ஆர் பிரைமர்கள் (பெருக்கலைத் தொடங்கும் டி.என்.ஏ. துண்டுகள்) போதும். 95 டிகிரியில் 5 நிமிடம். பின்பு 95-இல் 30 வினாடி, 55-இல் 30 வினாடி, 72-இல் 90 வினாடி என்று 30 சுற்று. கடைசியில் 72-இல் 7 நிமிடம். ஜெல்லில் 1,500 பேஸ் (டி.என்.ஏ. எழுத்து) அளவில் ஒரே பட்டை வர வேண்டும். சேங்கர் வரிசைப்படுத்தலில் ஒரு வாசிப்பு 700 முதல் 900 பேஸ் வரைதான் நம்பகமாக இருக்கும். ஒரு முனையில் மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். இரு முனையும் படித்து இணைத்து 1,400 பேஸுக்கு மேல் இருந்தால்தான் ஒப்பிடுங்கள். சேங்கர் தரும் வரைபடத்தில் (குரோமட்டோகிராம்) ஒன்றின் மேல் ஒன்றாகச் சிகரங்கள் தெரிந்தால் கல்ச்சர் கலப்பு, திரும்பப் போய்க் கோடிழுங்கள்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன 97 சதவீதத்துக்கு வருவோம். பிளாஸ்டில் வரும் முதல் பெயர் பெரும்பாலும் யாரோ பதிவேற்றிய, சரிபார்க்கப்படாத பெயர். அல்லது "கல்ச்சர் செய்யப்படாத பாக்டீரியா". ஒப்பிட வேண்டியது வகை மாதிரி ஸ்ட்ரெய்ன்களோடு (ஓர் இனத்துக்குப் பெயர் வைத்தபோது அதன் அடையாளமாக ஒப்படைத்த ஸ்ட்ரெய்ன்கள்) மட்டும். என்.சி.பி.ஐ. தளத்தின் பிளாஸ்டில் வகை மாதிரிகளை மட்டும் தேடும் கட்டத்தை டிக் செய்யுங்கள், அல்லது ஈஸிபயோகிளவுட் தளத்தில் போடுங்கள். 98.7 சதவீதத்துக்குக் கீழே வந்தால் புது இனமாக இருக்க நல்ல வாய்ப்பு, 94.5-க்குக் கீழே வந்தால் புது பேரினமா என்று கூட யோசிக்கலாம். அதே 98.7-க்கு மேலே வந்தாலும் கதை முடிந்துவிடாது. பேசில்லஸ் சீரியஸ், பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் இரண்டுக்கும் 16எஸ் கிட்டத்தட்ட ஒன்றே. மேலே இருந்தால் ஜீனோமை (முழு டி.என்.ஏ. தொகுப்பை) பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. கீழே இருந்தாலும் இன்றைக்கு ஜீனோம் இல்லாமல் கட்டுரை போகாது.

ஜீனோம்

குறைந்தது 50 மடங்கு ஆழத்தில் (ஒவ்வொரு பேஸும் சராசரியாக 50 முறை படிக்கப்படும்படி) வரிசைப்படுத்துங்கள். ஒன்றிணைத்த ஜீனோமை செக்எம் என்ற மென்பொருளில் போட்டால் முழுமை 95 சதவீதத்துக்கு மேலும் கலப்படம் 5-க்குக் கீழும் வர வேண்டும். பிறகு ஒரு எளிய சோதனை, அதைத் தவறாமல் செய்யுங்கள்: ஜீனோமில் இருக்கும் 16எஸ்-ஐ எடுத்து சேங்கரில் கிடைத்ததோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால், குப்பி மாறிவிட்டது அல்லது டி.என்.ஏ. கலந்துவிட்டது. வேறு எதையும் செய்யும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.

ஒப்பீட்டுக்கு இரண்டு அளவு உண்டு. புது இனம் என்றால், நெருங்கிய வகை மாதிரியோடு சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமையான ஏ.என்.ஐ. 95-96 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், டிஜிட்டல் டி.என்.ஏ. ஹைப்ரிடைசேஷன் (இரண்டு ஜீனோம்களின் ஒற்றுமையைக் கணினியில் கணக்கிடும் இன்னொரு முறை) 70 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஜெர்மனியின் டி.எஸ்.எம்.இசட். சேமிப்பகம் நடத்தும் டி.ஒய்.ஜி.எஸ். சர்வர் இலவசம்; ஜீனோமை ஏற்றினால் நெருங்கிய வகை மாதிரிகளை அதுவே தேடி எடுத்துக் கணக்குப் போட்டுத் தரும். அரைகுறை ஜீனோமாக இருந்தால், ஹைப்ரிடைசேஷனுக்கு அது தரும் எண்களில் இரண்டாம் ஃபார்முலாவின் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏ.என்.ஐ. 95.4, மற்றது 64 என்று எல்லைக்கோட்டில் வந்தால், வாதாடுவதை விட்டுவிட்டு வேறு ஆட்களின் மாதிரியில் இருந்து அதே இனத்தின் இன்னொரு ஸ்ட்ரெய்னைத் தேடுங்கள். ஒரே ஸ்ட்ரெய்னை வைத்து ஒரு இனத்தை விவரிப்பதைவிட இரண்டு மூன்று வைத்து விவரிப்பது எப்போதும் பலம்.

குணங்களை அளப்பது

நெருங்கிய இனத்தின் வகை மாதிரியை விலைக்கு வாங்கி, உங்களுடையதோடு ஒரே நாளில், ஒரே மீடியத்தில், ஒரே இன்குபேட்டரில் வளர்த்து அளக்க வேண்டும். பழைய கட்டுரையில் இருக்கும் அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் ஒட்டினால் நடுவர்கள் திருப்பி அனுப்புவார்கள். கொழுப்பு அமிலங்களுக்கு இது இரட்டிப்பு உண்மை, ஏனென்றால் மீடியமும் செல்லின் வயதும் மாறினால் கொழுப்பு அமிலமும் மாறும்.

வெப்பநிலை வரம்பை 15 முதல் 45 டிகிரி வரை பாருங்கள். இங்கேதான் மதுரை வெயில் கெடுக்கும். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறை 39 டிகிரியில் இருக்கும்போது 37 என்று செட் செய்தாலும் உள்ளே 39-க்கு மேல்தான் இருக்கும். 20, 25, 30 டிகிரி சோதனைகளுக்குக் குளிரூட்டும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டர் வேண்டும், உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்துக் காலையும் மாலையும் எழுதுங்கள்.

பி.எச். 5 முதல் 9 வரை, உப்பு 0 முதல் 5 சதவீதம் வரை, பித்த உப்பைத் தாங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். கிராம் சாயத்தை 18 முதல் 24 மணி நேரக் கல்ச்சரில் போடுங்கள். பல கிராம் பாசிட்டிவ் காற்றில்லா இனங்கள் வயதானால் கிராம் நெகட்டிவ் போலச் சிவப்பாகத் தெரியும். சந்தேகம் வந்தால் 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டில் குழைத்து ஊசியால் தூக்குங்கள். நூல் போல இழுபட்டால் கிராம் நெகட்டிவ். கேட்டலேஸ் (பெராக்சைடை உடைக்கும் நொதி) சோதனைக்குத் தட்டை 30 நிமிடம் காற்றில் வைத்துவிட்டு 15 சதவீத பெராக்சைடு விடுங்கள். ரத்தத் தட்டில் இருந்து எடுத்துச் செய்யாதீர்கள், ரத்தத்திலேயே கேட்டலேஸ் உண்டு. ஏ.பி.ஐ. 20ஏ என்ற ஆயத்தச் சோதனைப் பட்டையில் பர்ப்பிள் நிறம் வெளுத்துப்போனால் அமிலம் என்று குறித்துவிடாதீர்கள். சில காற்றில்லா இனங்கள் நிறங்காட்டியையே சிதைத்துவிடும். ஒரு சொட்டு நிறங்காட்டி சேர்த்துத் திரும்பப் படியுங்கள்.

அசிட்டேட், புரொப்பியனேட், பியூட்டிரேட் எவ்வளவு உற்பத்தியாகிறது என்பதை ஜி.சி., எச்.பி.எல்.சி. என்ற வேதிப் பகுப்புக் கருவிகளில் ஒன்றில் அளந்துகொள்ளுங்கள். செல் சுவர் டைஅமினோ அமிலம், போலார் லிப்பிட், குவினோன் போன்றவற்றை நீங்களே செய்ய முயலாமல் சேவையாகக் கொடுத்து வாங்குவதே பெரும்பாலானோருக்கு மலிவு.

ஒப்படைப்பும் பெயரும்

2001 ஜனவரி 1 முதல், வகை மாதிரி ஸ்ட்ரெய்ன் இரண்டு வேறு வேறு நாடுகளில் உள்ள பொதுச் சேமிப்பகங்களில் உயிரோடு இருக்க வேண்டும் என்பது பெயரிடல் விதி. இந்தியாவில் புனேயின் என்.சி.எம்.ஆர்., சண்டிகரின் எம்.டி.சி.சி. என்று இருக்கின்றன, வெளியே ஜப்பானின் ஜே.சி.எம்., கொரியாவின் கே.சி.டி.சி., ஜெர்மனியின் டி.எஸ்.எம்.இசட். போன்றவை. ஸ்ட்ரெய்னைக் கட்டுப்பாடு இல்லாமல் மற்ற ஆராய்ச்சியாளர்களுக்குத் தருவோம் என்ற சான்றிதழ் வேண்டும். பன்மயச் சட்ட அனுமதியை முதல் மாதத்திலேயே கேட்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். காற்றில்லா ஸ்ட்ரெய்ன் பார்சலில் செத்துப்போய் "வளரவில்லை" என்று பதில் வருவது சகஜம். உயிருள்ள கல்ச்சரை பியூட்டைல் ரப்பர் அடைப்பான் போட்ட, காற்றுப் புகாத ஹங்கேட் குழாயில் அனுப்புங்கள், என்ன மீடியம், எத்தனை நாள், என்ன வாயு என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். சான்றிதழ் வர மாதங்கள் ஆகலாம்.

பெயரைக் கடைசியில் யோசியுங்கள். லத்தீன் இலக்கணப்படி, பேரினப் பெயரின் பாலோடு ஒத்துப்போக வேண்டும்: மதுரையின் பெயரை வைப்பதாக இருந்தால் பிரிவோடெல்லா பெண்பால், அதோடு 'மதுரையென்சிஸ்' வரும், யூபாக்டீரியம் அலிபால், அதோடு 'மதுரையென்சே'. தன் பெயரையே வைத்துக்கொள்வதை விதிநூல் விரும்புவதில்லை. மதுரை பெயர் ஏற்கெனவே நுண்ணுயிரியலில் உண்டு: மதுரைக் கால் நோயின் (பாதம் வீங்கிப் புண்ணாகும் நோய்) காரணிகளில் ஒன்றை 1894இல் வின்சென்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தார், இன்றைக்கு அதன் பெயர் அக்டினோமதுரா மதுரே. வைக்கப்போகும் பெயர் அந்தப் பேரினத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறதா என்று, பாக்டீரியாப் பெயர்களைப் பட்டியலிடும் எல்.பி.எஸ்.என். தளத்தில் தேடிவிடுங்கள்.

கட்டுரை பாக்டீரியாப் பெயர்களுக்கான அதிகாரபூர்வ இதழான ஐ.ஜே.எஸ்.இ.எம்.-இல் வந்தால் பெயர் அப்போதே செல்லுபடியாகும். வேறு இதழில் வந்தால், அந்தக் கட்டுரையையும் இரண்டு சான்றிதழ்களையும் அனுப்பி அவர்களின் சரிபார்ப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட பெயர்கள் நிறைய உண்டு. அவை மேற்கோள் குறிக்குள்தான் எழுதப்படும். கல்ச்சரே இல்லாமல் ஜீனோமை மட்டும் வைத்துப் பெயர் வைக்கும் சீக்கோட் என்ற தனி ஏற்பாடு 2022இல் வந்திருக்கிறது. கையில் வளரும் கல்ச்சர் இருப்பவர்கள் பழைய வழியிலேயே போகலாம்.

நடுவர் கருத்து வந்தால் பெரும்பாலும் கேட்பது ஒரு சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லித்தான். வகை மாதிரியின் குப்பிகளை அதுவரை தீர்த்துவிடாதீர்கள். கட்டுரை வெளிவரும் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு குப்பியை எடுத்து வளர்த்து, 16எஸ் சரிபார்த்து, நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.